வாசல் தாண்டாத சிக்னல்

செப்டம்பர் 1, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கத்தில் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை. ஹால் கேமராவில் பார்த்தால் ஒரு பெண் குனிந்து பக்தியோடு எழுதுவதுதான் தெரியும். ராமர் கோபித்துக்கொண்டால் சீதை எனக்காகப் பேசுவாள்.

இன்று மஸ்கட்டிலிருந்து அவர் கூப்பிட்டார். புதிதாக ஒரு சந்தேகம். மாடியில் குடியிருக்கும் ரெஜினா நம் வைஃபையைத் திருடுகிறாளாம். எப்படித் தெரியும் என்றால், வாசல் கேமராவில் பார்த்தாராம். ரெஜினா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து, படிக்கட்டு அடியில் நின்று போனைப் பார்த்துச் சிரித்தாளாம். நம் நெட்டில்தான் சிரித்திருக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

சிக்னல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். அதற்கு ரூட்டரிலேயே வழி இருக்கிறதாம். போனில் ரூட்டர் பக்கத்தைத் திறந்து, டிரான்ஸ்மிட் பவர் என்று ஓர் இடம், நூறு, எண்பது, அறுபது, நாற்பது, இருபது என்று வரிசையாக இருக்கும், அதைக் குறைக்க வேண்டும். பாஸ்வேர்டு அவருடைய பழைய பைக் நம்பர். சொல்லிக்கொடுத்துவிட்டு உடனே மறந்துவிடச் சொன்னார். மறந்துவிட்டேன். 4417.

அக்கறையான மனிதர். கேமராவும் எங்கள் பாதுகாப்புக்காகத்தான் போன லீவில் மாட்டினார். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று. நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் கட்டுப் போட்ட வாரம் அது.

இட்லி மாவு பொங்கி வழிந்து கிடக்கிறது. துடைக்க வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அளக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் சாயங்காலம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி, எங்கே எத்தனை கோடு காட்டுகிறது என்று சொல்ல வேண்டும்.

எண்பதில் ரெஜினா வீட்டு வாசல்வரை முழுக் கோடும் இருந்தது. அறுபதில் பாதி. நாற்பதில் படிக்கட்டு திரும்பும் இடத்தோடு செத்துப்போனது. சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நிமிடமே வாசல் கேமரா விட்டுவிட்டு வருகிறது என்று கத்தினார். ரூட்டர் ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது. வாசலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர். நான் என்ன செய்ய?

வாசலைப் பார்ப்பதா, ரெஜினா சிரிப்பதைத் தடுப்பதா என்று அவருக்கே குழப்பம். கடைசியில் நாற்பது என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

படியில் ரெஜினா எதிரே வந்தாள். நான் அவளோடு பேசி மாதக்கணக்காகிறது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இன்று நான் படியேறியது அவர் சொல்லித்தானே.

எதற்குத் தினமும் போனைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் போனிலேயே வேண்டிய அளவு நெட் இருக்கிறதாம். பிறகு சிரிப்பை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன தடவ அவர் வந்திருந்தப்ப கீழ சத்தம் கேட்டுச்சுக்கா. நான் எறங்கி வந்திருக்கணும்.”

“டிவி சத்தமா இருந்திருக்கும். சீரியல்.”

அவள் என் இடது கையைப் பார்த்தாள். “எந்தச் சேனல்க்கா?”

சாம்பார் அடிபிடிக்கும் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மகள் இலக்கியாவுக்கு வரும் வாரம் காலாண்டுப் பரீட்சை. நாலாம் வகுப்புக்கு இவ்வளவு பாடம் வைத்து எங்கே கண்டது. சாயங்காலம் பெருக்கல் எழுதிக்கொண்டிருந்தவள் சமையலறைக்குப் போய் முறுக்கு டப்பாவைத் திறந்தாள். மேலே கேமராவிலிருந்து அவர் குரல் வந்தது.

“இலக்கியா. படிக்காம என்ன தேடுற?”

டப்பா மூடி கையிலிருந்து விழுந்து உருண்டு போனது. பிள்ளை அப்படியே நின்றாள். எடுக்கட்டுமா என்று கேட்டாள். ஒன்று எடுத்துக்கொள் என்றார். ஒன்று எடுத்தாள். அவர் டீ இடைவேளை அது. அங்கே சூப்பர்வைசர் வேலை, போனைப் பார்க்க நேரம் கிடைத்துவிடுகிறது.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அந்த முறுக்கைத் தின்னவில்லை. படுக்கையறைத் தலையணை அடியில் கிடந்ததை நான்தான் எடுத்துப் போட்டேன். அந்த அறையில் கேமரா இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று எழுத்து கோணலாக வரும்.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம் நான் ஹாலில் உட்கார்ந்து எழுதும்போது பேசினார்.

“என்ன எழுதுற?”

“ஸ்ரீராமஜெயம்ங்க.”

“அந்த நோட்ட காட்டு.”

எழுந்து போய் கேமராவுக்கு நேரே பிடித்தேன். முன்பக்கம். கிட்டக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். தெளிவாக இல்லை, ஆடாமல் பிடி என்றார். நான் ஆடவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று திருப்பச் சொன்னார். திருப்பிக்கொண்டே போனேன். எழுதிய பக்கங்கள் தீர்ந்து வெள்ளைத் தாள் வந்தது. அதற்குப் பிறகும் நாலைந்து தாள் திருப்பியிருந்தால் இந்தப் பக்கம் வந்திருக்கும், தலைகீழாக.

எழுத்து மங்கலாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டு விட்டுவிட்டார். கேமராவுக்கு அவ்வளவு கிட்டப் பிடித்தால் அப்படித்தான் தெரியும். கிட்டக் கொண்டுவரச் சொன்னவர் அவர்தான்.

பயந்துவிட்டேன். இதை எங்கேயாவது ஒத்துக்கொள்ள வேண்டும், இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அவரைக் கண்டால் பயம். குளியலறையில் நான் வழுக்கி விழவில்லை.

செப்டம்பர் 13, சனி

இன்று பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. முதலிலேயே அவரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒருமுறை மெயின் சுவிட்ச் விழுந்து எல்லாக் கேமராவும் ஒரேயடியாக அணைந்தபோது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் சித்தப்பா மகன் கணேசமூர்த்தி பைக்கில் வந்து நின்றான். வீடு முழுக்க நடந்து, கட்டில் அடியில்கூடப் பார்த்துவிட்டு, அண்ணன்தான் அனுப்பினார் அண்ணி என்றான்.

ஆக இன்று நல்ல நாள். ஃபேன் இல்லை, ஆனாலும் நல்ல நாள். நானும் இலக்கியாவும் தரையில் ஈரத்துண்டு விரித்துப் படுத்தோம். இப்படித் தொடங்கி எழுதினால் சந்தோஷமாக முடிக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மத்தியானம் அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால், குடத்துக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்று கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்பா, தண்ணி குடிக்கட்டா?”

கேமராவில் விளக்கே இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக். அது அவளுக்கும் தெரியும், காலையில் நான்தான் சொன்னேன். ஆனாலும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

நான் டம்ளரை வாங்கி மொண்டு கொடுத்தேன். குடிக்கும்போதும் கண் மேலேயே இருந்தது.

எனக்கு நடந்ததெல்லாம் எனக்கு நடந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை வருடம் இருந்தேன். இனி முடியாது. இவளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

இருபது வைத்துப் பார்த்தேன். சும்மாதான்.

வாசல் கேமராவில் சிவப்பு விளக்கு. சமையலறைக் கேமராவிலும் சிவப்பு. இரண்டும் செத்தன. ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஹால் கேமரா மட்டும் நீல விளக்கோடு குத்துக்கல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, திரும்ப நாற்பது.

அதற்குள் கூப்பிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நல்ல காற்று, நாற்பதில் வைத்ததிலிருந்து இப்படித்தான் விட்டுவிட்டு வருகிறது, அறுபதாக்கட்டுமா என்று கேட்டேன். ஏற்றினால் மாடிக்காரி திருடுவாள், இருக்கட்டும் என்றார்.

ரூட்டரையே அணைத்தால் மூன்றும் போகும், கணேசமூர்த்தி வருவான். இப்படி என்றால் யாரும் வர மாட்டார்கள். ஹால் கண்ணில் படாமல் படுக்கையறையிலிருந்து நடை வழியாகச் சமையலறைக்குப் போகலாம். அங்கிருந்து பின்கதவு, பக்கச் சந்து, வாசல் கேட். சும்மா யோசித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தினமும் ஒரு தடவை இருபது. ஒருநாள் காலை, ஒருநாள் மாலை. முதல் இரண்டு நாள் கூப்பிட்டுத் திட்டினார். நேற்று திட்டவில்லை. இன்று கூப்பிடவே இல்லை. பழகட்டும்.

ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத் தொட்டதும் போன் அடிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காய் நறுக்குகிறேன். இன்று வெண்டைக்காயோடு விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சிக்னல் அளக்கப் படியேறினேன். ரெஜினா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்; இந்த வாரம் அளக்கப் போனபோதெல்லாம் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தேன். என் போனில் யாரிடம் பேசினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், அதனால் அவள் போனில் கரூரிலிருக்கும் என் அக்காவைக் கூப்பிட்டோம். அக்காவோடு பேசக் கூடாது என்று அவர் சொல்லி மூன்று தீபாவளி போய்விட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் அக்கா, நான் மங்கை என்றேன். அவள் எதுவும் விசாரிக்கவில்லை.

“கிளம்பி வாடி. மத்தத வந்து பேசிக்கலாம்.”

ரெஜினா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை ரொம்ப அதிகம். கீழே வந்து, படி திரும்பும் இடத்தில் சிக்னல் நின்றுவிட்டது என்று அவருக்குச் சொன்னேன்.

செப்டம்பர் 25, வியாழன்

துவைத்த துணியை மொட்டைமாடியில் காயப்போடுகிறேன். வாளி நிறையக் கொண்டுபோகிறேன், வரும்போது கொஞ்சம் குறைவாகக் கொண்டுவருகிறேன். இலக்கியாவின் நாலு கவுன், என் இரண்டு சேலை, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் ரெஜினாவின் பீரோவில் இருக்கின்றன. வாசல் கேமராவில் நான் வேலைக்காரிக்கு மிஞ்சிய வேலைக்காரி.

தீபாவளிக்கு முன்வாரம் வருகிறாராம். இன்னும் நாள் இருக்கிறது. பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கிளம்பலாம். இல்லை, கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியதும். இல்லை, இலக்கியாவுக்கு இருமல் நின்றதும். எனக்கே சிரிப்பு வருகிறது. கேட்டைத் தாண்டும் தைரியம் இல்லாதவள் சிலிண்டர் மேல் பழி போடுகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தீபாவளிக்கு இல்லை. ஆயுத பூஜைக்கே வருகிறார். செவ்வாய் ராத்திரி ஃபிளைட், புதன் விடிகாலை வீட்டில் இருப்பார். எங்களுக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தாராம், மனசு கேட்காமல் சொல்லிவிட்டாராம்.

கையோடு சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் இரண்டு வாங்கி வருகிறார். சமையலறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. ரூட்டரை மறுபடி அவரே செட் செய்து பாஸ்வேர்டையும் மாற்றப் போகிறார். படுக்கையறைக்கு ஒரு கேமராவும் வாங்கியாகிவிட்டது.

“இனிமே ஒரு மூலை விட மாட்டேன், பாரு.”

ரொம்ப நல்லதுங்க என்றேன். வாய் தானாகச் சொன்னது.

செப்டம்பர் 30, செவ்வாய்

இருபது.

அக்டோபர் 1, புதன், கரூர்

தனித்தாள்களில் எழுதுகிறேன். நேற்று கிளம்பும் முன் அந்த நோட்டை நடுவில் கிழித்தேன். ஸ்ரீராமஜெயம் இருந்த முன்பாதியை ஹால் டீப்பாய் மேல் விரித்து, பேனாவை அதன் மேல் வைத்தேன். டிவியில் சீரியல், மேலே ஃபேன். எழுதிக்கொண்டிருந்தவள் இப்போதுதான் எழுந்து போனாள் என்று தோன்ற வேண்டும். பின்பாதி என் ரவிக்கைக்குள் வந்தது.

போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டு, அங்கேயே இருபது வைத்துவிட்டு வந்தேன். பத்து மணி வெயில். அவர் வேலையில் இருக்கும் நேரம், ராத்திரிதான் ஃபிளைட். ரெஜினா ஏற்கெனவே துணிப்பையோடு தெருமுனையில் ஆட்டோவில் இருந்தாள். சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி இலக்கியாவிடம் சொன்னேன். நடை வழியாகச் சமையலறைக்கு வந்தோம். கேமராவில் சிவப்பு விளக்கு. பின்கதவுத் தாழ்ப்பாளில் நான் கை வைத்ததும் அவள் திரும்பி மேலே பார்த்தாள்.

“அப்பா, பெரியம்மா வீட்டுக்குப் போகட்டா?”

மெதுவாகத்தான் கேட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் குரல் கேட்டது.

“மங்கை.”

ஹாலிலிருந்து. நீல விளக்குக் கேமராவிலிருந்து. டிவி சத்தத்துக்கு மேலே.

“மங்கை, எங்க இருக்க?”

ஹாலுக்குப் போய் நின்று இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உண்மையிலேயே தோன்றியது, ஒரு அடியும் எடுத்து வைத்தேன். பிள்ளை என் சேலையைப் பிடித்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

“கிச்சன்லதாங்க இருக்கேன்.”

“கிச்சன் கேமரா போயிருக்கே.”

“காத்துங்க.”

டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குத் தாழ்ப்பாள் கைக்குள் வழுக்கியது.

“சரி, காலைல வந்து எல்லாத்தையும் சரி பண்றேன்.”

“சரிங்க.”

பதின்மூன்று வருடக் குடித்தனத்தில் அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது அதுதான் வந்தது.

இலக்கியா கேமராவையும் ஹால் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு நாம தெரியல.”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளே தாழ்ப்பாளை நீக்கினாள். பக்கச் சந்தில் ஓடவில்லை, நடந்தோம். கேட்டில் சிவப்பு விளக்குக்குக் கீழே தலையைக் குனிந்து போனேன், வீண் வேலை. தெருமுனைக்குள் ஒரு பைக் திரும்பியது. கணேசமூர்த்தி இல்லை, தண்ணீர் கேன் போடுபவர். ஆட்டோவில் ஏறியபின் ரெஜினா என் கையைப் பிடித்தவள் பஸ் ஸ்டாண்டில்தான் விட்டாள். இனி அந்த மாடியில் இருக்க மாட்டேன், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாள். குளித்தலை தாண்டும்வரை நான் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று விடிகாலை அவர் திருச்சியில் இறங்கியிருப்பார். அக்கா போனுக்குக் காலையிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. அக்கா எடுக்கவில்லை. மாமா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார், ஒரே பக்கத்தை. நாங்கள் எல்லோருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப் போகிறோம். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எனக்கு உடம்பு விறைக்கிறது. இந்தப் பயம் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

காலையில் இலக்கியா தண்ணீர் வேண்டும் என்று அக்காவின் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் நிலையோரம் நின்றேன். டம்ளரை எடுத்தவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு மூலை, அடுத்த மூலை, கதவுக்கு மேலே, அலமாரிக்கு மேலே. கடைசி மூலையில் ஒரு பல்லி இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு தண்ணீரை மொண்டு குடித்தாள். யாரிடமும் கேட்கவில்லை.